ஹெர்மினியாவுக்குத் துணையாகப் போனேன்

என் வாய்க்குள் எந்த மெஷினும் நுழையக் கூடாது என்று நான் தீர்மானித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில். எதிரே வாழையிலையில் சுட்ட பன்றிக்கறி. வலது கடைவாய்ப் பல் அதைத் தொட்டதும் காதுவரை மின்னல் ஓடியது. ஒன்றும் நடக்காதது போல இடது பக்கமாக மென்றேன். என் மனைவி ஹெர்மினியா பார்த்துவிட்டாள்.

"கிழவா, டாக்டர்கிட்ட போ."

அவள் கொஞ்சினாலும் நான் கிழவன்தான், திட்டினாலும் கிழவன்தான். முப்பது வயதிலிருந்தே இப்படி.

நான் மெரிதா நகரத்தில் கதவு செய்கிற தச்சன். துளை போடும் மெஷின் மகோகனி மரத்தையே என்ன பாடு படுத்தும் என்று தினமும் பார்க்கிறவன். பல் எம்மாத்திரம்? ஆனால் பயம் என்று சொல்ல முடியுமா? தந்திரமாக மடக்கினேன்.

"லேசர் வெச்சுப் பாக்குறவங்க இருந்தா சொல்லு, வரேன். வெறும் வெளிச்சமாம், சத்தமே இல்லையாம். மெஷின்னா வரமாட்டேன்."

ரேடியோவில் கேட்டது. நம்ம பக்கம் அதெல்லாம் ஏது என்கிற தைரியம். அவள் பதில் பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷத்தில் அவள் பேசாமல் இருந்தபோது நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்பது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

புதன்கிழமை அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீக்கம் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரத்தில் மகள் யாரெத்துக்குக் கல்யாணம், பல்வலியோடு எப்படி ஆடுவேன், எப்படிப் போட்டோவுக்குச் சிரிப்பேன் என்று மூக்கை உறிஞ்சினாள். இத்ஸிம்னா பக்கம் லேசர் டாக்டர் இருக்கிறாராம். தனியாகப் போகப் பயமாம்.

என் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. நான் இருக்கும்போது என்ன பயம் என்றேன். பஸ்ஸில் வழி நெடுக பல்லைக் கடித்துக்கொண்டு தைரியம் சொன்னேன். இடது பக்கப் பல்லைத்தான்.

மருத்துவமனையில் ஹெர்மினியா ஒரு காகிதத்தை நீட்டினாள். துணைக்கு வருகிறவர்களும் கையெழுத்துப் போட வேண்டுமாம். மூக்குக்கண்ணாடி வீட்டில். படிக்காமலே கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

டாக்டர் கனூல் சிரித்த முகமுள்ள சின்னப் பெண். நாற்காலியைப் பார்த்ததும் ஹெர்மினியா இரண்டடி பின்வாங்கினாள்.

"எனக்கு உதறுது கிழவா. நீ கொஞ்சம் உக்காந்து காட்டேன். அந்த வெளிச்சத்தப் பாத்துட்டா எனக்குத் தெம்பு வந்துரும்."

உட்கார்ந்தேன். எந்தப் பல் என்று டாக்டர் கேட்டார். மாதிரிக்குத்தானே, ஏதோ ஒன்றைக் காட்டினேன். வலது கடைவாய். ஏன் அதைக் காட்டினேன் என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

"ஆரம்பிக்கலாமா, தோன் பௌலினோ?"

"தாராளமா டாக்டர். என் பெண்டாட்டி நல்லாப் பாக்கட்டும்."

என் பெயர் பௌலினோ என்று இவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி, வாயைத் திறந்த பிறகுதான் வந்தது. திறந்த வாயால் கேட்க முடியவில்லை.

எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டினார்கள். சோளம் பொரிகிற மாதிரி பட் பட் என்று சத்தம், நுனி நாக்கில் தண்ணீர்ச் சாரல், கொஞ்சம் ஜில்லிப்பு. வலிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அவள் பார்த்து முடித்திருப்பாளே, இன்னும் ஏன் விடவில்லை? எதையோ வைத்து அழுத்தினார்கள். இன்னொரு நீல வெளிச்சம்.

"கடிச்சுப் பாருங்க" என்றார் டாக்டர். கடித்தேன். மின்னல் இல்லை. "சொத்தைய முழுசா எடுத்து அடைச்சாச்சு."

யாருடைய சொத்தை என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு எழுந்து, நாற்காலியைத் தட்டிவிட்டு, பெருந்தன்மையாக ஹெர்மினியாவைக் கூப்பிட்டேன்.

"பாத்தேல்ல? ஒண்ணுமே இல்ல. வா, நீ உக்காரு."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என்னோடத போன மாசமே அடைச்சுட்டேன், கிழவா. துளை போடுற மெஷின்லதான். வலிக்கவே இல்ல."