அரை டிகிரி ஆசாமி

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் இவர்களால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சத்தமில்லாமல் சுற்றும் மின்விசிறியைக் கண்டால் ஏணியைத் தேடுவார்கள்; சரியாக மூடும் கதவைக் கண்டால் திருப்புளியோடு வருவார்கள்; குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது என்று வீடே நிம்மதியாக மூச்சுவிடும்போது, எந்த நிமிடத்தில் விட்டது என்று குறித்து வைக்காமல் போனோமே என்று இவர்கள் மட்டும் ஏங்குவார்கள். அரை டிகிரி ஆசாமிகள் என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். யோசித்துப் பாருங்கள், முகம் ஞாபகத்துக்கு வரும்.

நம் ஆசாமி பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார். ஒரு போரை ஐம்பது வருடம் தள்ளி எழுதினாலும், "போர் நடந்தது உண்மைதானே" என்று பாதி மார்க் போடுகிற தாராள மனசு. அந்தத் தாராளமெல்லாம் பள்ளிக்கூட வாசலோடு சரி.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அவள் திரும்பும் நேரத்தில் அவர் மாலை வகுப்புக்குப் போயிருப்பார். அவர் திரும்பும் நேரத்தில் அவள் கண் சொக்கிவிடும். ஆக, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை பேச நாளுக்கு இருபது நிமிடம்தான், அதுவும் காலைக் காப்பி நேரத்தில். அந்த இருபது நிமிடத்தை நம்பித்தான் அவர்கள் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் கல்யாண நாளுக்கு அவள் ஓர் எஸ்பிரெஸோ மெஷின் வாங்கினாள். பொத்தானை அமுக்குகிற வகை இல்லை, கை மெஷின். பாய்லர் சூடானதும் நீளக் கைப்பிடியைத் தூக்கினால் வெந்நீர் தூளின் மேல் இறங்கும். அழுத்தினால் கோப்பையில் கெட்டியாகக் காப்பி விழும். மூன்று மாதம் விழுந்தது. குடித்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். குறை என்று ஒன்றுமே இல்லை. ஓர் அரை டிகிரி ஆசாமிக்கு இதைவிடப் பெரிய குறை உண்டா?

"இந்த மெஷின்ல சூடு எவ்வளவுன்னு காட்ட ஒண்ணுமே இல்லையே! இத்தனை நாளா கண்ணைக் கட்டிக்கிட்டுக் குடிச்சிருக்கோம்மா."

"கண்ணைக் கட்டினா என்ன, வாய் தொறந்துதானே இருந்துச்சு? நல்லாத்தானே இருந்துச்சு?"

நன்றாக இருந்தது சரி, எத்தனை டிகிரியில் நன்றாக இருந்தது? மறுவாரமே தண்ணீர் இறங்கும் பித்தளைத் தலையில் ஒரு சென்சாரைக் கட்டினார். முதல் நாள் தொண்ணூற்று மூன்று காட்டியது. மறுநாள் தொண்ணூற்று நாலரை. அன்றோடு அவர் தூக்கம் போயிற்று. காட்டினால் மட்டும் போதுமா, கட்டுப்படுத்த வேண்டாமா? பாய்லருக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் கருவி ஒன்றை வரவழைத்தார். அதை வைக்கப் பெட்டி கிடைக்காமல் மனைவியின் சாப்பாட்டு டப்பாவில் ஓட்டை போட்டார். நாலு பக்கமும் ஒயரும் நெற்றியில் சிவப்பு எண்களுமாக அந்த மெஷின் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் நோயாளியைப் போல ஆகிவிட்டது. ஆசாமிக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் காலை நேரம் பூசை மாதிரிதான். முதல் கோப்பை மெஷின் சூடாவதற்காக, கீழே கொட்டியாக வேண்டும். இரண்டாவது வெப்பமானிக்கு. மூன்றாவதுதான் மனைவிக்கு, அதற்குள் பேருந்து வராமல் இருந்தால்.

"காப்பி?"

"இரும்மா, தொண்ணூத்திரண்டரைல நிக்குது."

"நின்னா நிக்கட்டும், நான் கிளம்பணும்."

"அரை டிகிரிதான்! தொண்ணூத்திமூணுக்கு இதோ ஏறிடும்."

ஒருநாள் அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "என்னங்க, ஒரு சமாச்சாரம் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பிப் பார்க்காமலே "ஸ்ஸ்!" என்று கையைக் காட்டினார். எண் மாறிக்கொண்டிருந்ததாம். அவள் அந்தச் சிவப்பு எண்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மூன்று நாள் அவர் நோட்டுப் புத்தகத்தில் ஒரு விசித்திரமான பதிவு இருக்கிறது: மனைவியின் கோப்பை, முப்பத்தொரு டிகிரி. ஆசாமி பதறிப்போனார். சென்சாரைக் கழற்றி மாட்டினார். ஒயரை மாற்றினார். வெப்பமானியை வெந்நீரில் முக்கிச் சோதித்தார். காப்பியைக் குடிக்க வேண்டியவள் வீட்டிலேயே இல்லை, அதனால்தான் அது ஆறிக் கிடக்கிறது என்பது நாலாம் நாள்தான் அவர் புத்திக்கு எட்டியது.

மாடியில் குடியிருக்கும் தையல்கார அக்காவின் வீட்டில் இருந்தாள். துணிக் குவியலுக்கு நடுவில், கெட்டில் தண்ணீரில் இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கிய காப்பியைச் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஆசாமி என்ன செய்தார் என்கிறீர்கள்? மன்னிப்புக் கேட்டாரா? சட்டைப் பையிலிருந்த வெப்பமானியை எடுத்து அவள் கோப்பையில் விட்டார்.

"எழுபத்தொண்ணு! இதுல எப்படிம்மா ருசி வரும்?"

"ருசி வருதோ இல்லையோ, இங்க காப்பி கேட்டா காப்பி வருது. நாள் பூரா நான் ரத்தத்தை அளந்துக்கிட்டே இருக்கேன். காலைல ஒரு வாயாவது அளக்காம குடிச்சிக்கிறேனே."

தையல்கார அக்கா சும்மா இருந்திருக்கலாம். "என்ன சார், அவங்க பரிசோதனைக் கூடத்துக்கே பொறுப்பாளர் ஆயிட்டாங்க, எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அவருக்குத்தான் ஒரு வார்த்தையும் தெரியாதே! எந்தச் சமாச்சாரத்துக்கு 'ஸ்ஸ்' போட்டோம் என்பது அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது அவருக்கு. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வெப்பமானியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மறுநாள் காலை அவள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தபோது சாப்பாட்டு டப்பாவின் மேல் தடிமனான ஒரு துண்டு போர்த்தியிருந்தது. ஆசாமி கைப்பிடியைத் தூக்கினார், அழுத்தினார், முதல் கோப்பையையே அவளிடம் நீட்டினார்.

"ம்... என்னமோ சமாச்சாரம்னியே அன்னிக்கு. சொல்லும்மா."

அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பொறுப்பு எப்படி வந்தது, பெரிய டாக்டர் என்ன சொன்னார், கூட வேலை செய்பவள் எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவில் அவர் கை தானாக அந்தத் துண்டை நோக்கி நகர்ந்தது. அவள் பார்த்தாள். கை தலையைச் சொறியப் போய்விட்டது.

"காப்பி நல்லா இருக்குங்க இன்னிக்கு," என்றாள்.

எவ்வளவு நல்லா என்று அவர் கேட்கவில்லை. அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சரி, அந்தக் காப்பி எத்தனை டிகிரியில் இருந்திருக்கும் என்று உங்களுக்கு ஒரு சின்ன அரிப்பு எடுக்கிறதா? எடுத்தால் வெட்கப்பட வேண்டாம், நீங்களும் நம்ம இனம்தான். ஒன்று மட்டும் செய்யுங்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாராவது உங்களிடம் ஏதாவது சொல்ல வந்து, நீங்கள் 'ஸ்ஸ்' என்று கையைக் காட்டியிருந்தால், ஓடிப்போய் அவர்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்களா என்று பாருங்கள்.