மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் புரதம் விளக்கிய கதை

தான் படித்ததை அடுத்தவருக்குப் புரியவைத்தே தீருவேன் என்று கிளம்புகிறவர்களிடம் கொஞ்சம் எட்டி நிற்பது நல்லது. நான் சொன்னால் நம்பலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அப்படிக் கிளம்பியவள் நான்தான்.

அப்போது எம்.எஸ்சி. முடித்திருந்தேன். நான் ஆராய்ந்தது ஜிஆர்பி2 என்ற ஒரு மனித மரபணுவை. அது உருவாக்கும் புரதத்துக்கும் அதே பெயர். அதை அடாப்டர் புரதம் என்பார்கள். அது தானாக எதையும் வெட்டாது, எரிக்காது, உருவாக்காது. ஒரு கையால் இவரைப் பிடிக்கும், இன்னொரு கையால் அவரைப் பிடிக்கும், இரண்டு பேரையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அவ்வளவுதான் வேலை. (எங்கள் சொந்தத்தில் இப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு. அவர்களைப் பற்றி யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை.)

அந்தப் புரதத்தை மேலும் ஆராய பெங்களூரில் பிஎச்.டி. இடம் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்கிற பெரியப்பாவோ, அத்தனை வருசம் படித்து முடித்தால் மாப்பிள்ளை வீட்டார் வாசலை மிதிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு குண்டடத்திலிருந்து ஒரு வரனையும் கொண்டுவந்தார். பையன் பெயர் செந்தில். ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்.

நான் அழவில்லை, சாப்பிடாமல் கிடக்கவில்லை. ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். நான் என்ன படிக்கிறேன் என்று வருகிறவர்களுக்குப் புரிந்துவிட்டால், மேலே படிக்க அவர்களே சம்மதிப்பார்கள். புரியவைப்பது என் பொறுப்பு. (வயது இருபத்திரண்டு. மன்னிக்கவும்.)

அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே சந்தேகம். காபித் தட்டைக் கையில் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: “கேட்டா படிக்கறேன்னு மட்டும் சொல்லு கண்ணு. என்ன படிக்கறேன்னு சொல்லாத.”

எங்கள் வீடு திருப்பூர் நல்லூரில். முன்னால் கூடம், பின்னால் அப்பாவின் தையல் ஷெட். நடுவில் அகலமான ஒரு கதவு. விருந்தாளிகள் வருகிறார்களே என்று அன்று காலைதான் ஷெட்டைக் கூட்டிக் கழுவியிருந்தார்கள். பஞ்சுத் தூசியும் துண்டுத் துணியும் நூல் கழிவும் கதவோரமாகக் குவிந்து கிடந்தன. தரை காய்வதற்காக வைத்த ராட்சத மின்விசிறி குவியலுக்குப் பின்னால், கூடத்தைப் பார்த்தபடி நின்றது. அதன் சுவிட்ச் கூடத்துச் சுவரில் இருந்தது. கார் சத்தம் கேட்டதும் அப்பா அதை அணைத்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினார்.

காபி கொடுத்தேன். பையனின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அம்மா சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே கும்பிட்டாள்.

மரபணு என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாருக்காவது பரம்பரை நோயா என்று தணிந்த குரலில் விசாரித்தார். இல்லை, இது அடாப்டர் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணு, எல்லோருக்கும் இருப்பது, உங்களுக்கும் இருக்கிறது, உங்கள் பையனுக்கும் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னேன்.

“எங்க பையனுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றார் அவர்.

பையனின் அப்பா நல்ல மனிதர். பேச்சை மாற்றுவதற்காக, அடாப்டர் என்றால் செல்போன் சார்ஜரில் வருவதுதானே என்று கேட்டார். நியாயமாக அங்கே ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கேசரியை எடுத்து நீட்டியிருக்க வேண்டும். நான் எழுந்து நின்றேன். வாயால் சொன்னால் புரியாது, செய்து காட்டுகிறேன் என்றேன். பெரியப்பா இருமினார். அந்த இருமலுக்கு எங்கள் வீட்டில் அர்த்தம் உண்டு. நான் கண்டுகொள்ளவில்லை.

பையனின் அப்பாவை வாசலோரம் நிறுத்தினேன். அவர்தான் செல்லின் வாசலில் நிற்கும் ஏற்பி. வெளியிலிருந்து சேதி வந்தால் அவர் மீது பாஸ்பேட் ஒட்டும் என்று சொல்லி, தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து அவர் மணிக்கட்டில் தடவினேன். அந்தக் குறியைப் பார்த்ததும் ஜிஆர்பி2 வந்து பிடித்துக்கொள்ளும் என்று செந்திலைக் கூப்பிட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் வந்து அவருடைய அப்பாவின் கையைப் பிடித்தார். மெர்ச்சண்டைசர் அல்லவா, யார் என்ன சொன்னாலும் சரிங்க என்று சொல்லிப் பழகியவர்.

அவருடைய இன்னொரு கையில் பெரியப்பாவைக் கொடுத்தேன். பெரியப்பாவின் பெயர் சாஸ். தக்காளி சாஸா என்று கேட்டுக்கொண்டார். இல்லை, அதுவும் ஒரு புரதம், அது போய் ராஸ் என்கிற சுவிட்சைப் போடும், அதன்பிறகுதான் செல் வளர்ந்து பெருகும் என்றேன். மூன்று பெரிய மனிதர்கள் கைகோத்து நிற்க, என் கல்வி வாழ்க்கையின் உச்சத்தில் நான் நின்றேன்.

“சுவிட்சப் போடுங்க பெரியப்பா.”

கூடத்து மின்விசிறியைத்தான் நினைத்துச் சொன்னேன். எந்த சுவிட்ச் என்று சொல்லவில்லை. பெரியப்பாவுக்குக் கைக்கெட்டியது ஷெட் சுவிட்ச்.

முதலில் ஓர் உறுமல் கேட்டது. அடுத்து ஷெட் கதவு வழியாகத் திருப்பூரே உள்ளே வந்தது. பஞ்சு, தூசி, நூல், கழுத்துப்பட்டித் துணுக்கு, எல்லாம். கேசரி காணாமல் போனது. காபி டம்ளர்களில் நுரைக்கு மேல் இன்னொரு நுரை. பையனின் அம்மா கொண்டையில் ஒரு குழந்தை பனியனின் கை போய் உட்கார்ந்துகொண்டது. அணையுங்கள் என்று அப்பா கத்தினார். பெரியப்பா ஒரு இழுப்பு இழுத்தார். சுவிட்சின் குமிழ் அவர் கையோடு வந்துவிட்டது.

இந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். மாறாக, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாருங்கள், ராஸ் கெட்டுப்போனாலும் இப்படித்தான், அணைக்கவே முடியாது, செல் பெருகிக்கொண்டே போகும், அதுதான் புற்றுநோய் என்று அந்தச் சூறைக்காற்றில் விளக்கிக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் அந்தச் சொல்லை உச்சரித்த முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

அப்பா ஓடிப்போய் மெயினை அணைத்தார். மின்விசிறி முனகி நின்றது. தூசி மெல்ல அடங்கியபோது, தலையெல்லாம் நரைத்தவர் போல நின்ற செந்தில், இரண்டு பக்கமும் பிடித்த பிடியை விடாமல் என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, நான் இப்பக் கைய விட்டுறலாங்களா?”

மனதுக்குள் அவருக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

மறுநாள் போன் வந்தது. பொண்ணு தங்கமான பொண்ணு, ஆனால் இவ்வளவு படிப்பு எங்கள் வீட்டுக்குத் தாங்காது என்று பக்குவமாகச் சொன்னார்கள். அம்மா அழுதாள். பெரியப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தார். முதலில் அந்த சாஸ் என்ன ஆகும் என்று கேட்டார். சொன்னேன். ராஸ் கெட்டால் மருந்து இருக்கிறதா என்று கேட்டார். சிலவற்றுக்கு வந்துகொண்டிருக்கிறது, இன்னும் நிறையத் தேட வேண்டியிருக்கிறது என்றேன். வெகுநேரம் மீசையைத் தடவினார்.

“சரி, பெங்களூருக்கே போ கண்ணு” என்றார். “இங்க இருந்தீன்னா ஊர்ல இருக்கறவிய அத்தன பேரையும் நிக்க வெச்சுப்புடுவ.”

போனேன். படித்தேன். பட்டமும் வாங்கிவிட்டேன். இன்றைக்கும் அதே புரதத்தோடுதான் பிழைப்பு.

செந்திலுக்கு அடுத்த தை மாதமே வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. பகை பாராட்டாமல் எங்களையும் அழைத்தார்கள். மேடையில் போட்டோக்காரர், எல்லோரும் நெருங்கி வந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அப்போதுதான் நான் படியேறிக்கொண்டிருந்தேன். பெரியப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல் போட்டோக்காரரைத் தடுத்தார். அன்று அவர் சொன்னதை, அந்த ஞாயிற்றுக்கிழமை பிறந்தே இராத பிள்ளைகள்கூட இப்போது ஒவ்வொரு கல்யாணத்திலும் என்னைக் கண்டதும் சொல்கிறார்கள்:

“கொஞ்சம் தள்ளித் தள்ளியே நில்லுங்க சாமி. நம்ம புள்ள மேடைக்கு வருது.”