திங்கட்கிழமைக் கேக்

புரூஃப் ரீடரின் மேஜை இழுப்பறையில் கிடந்த கேக் துண்டை எறும்புகள் கண்டுபிடித்துவிட்டன.

"என்ன சார், உள்ள எறும்பு வளக்கிறீங்களா?" என்றாள் டீ கொடுக்கும் அக்கா.

"அப்புறம் சாப்பிடலாம்னு வெச்சேன். மறந்துட்டேன்."

பொய். அச்சகத்தில் அவர் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. திங்கட்கிழமைதோறும் முதலாளியம்மா தன் கையால் கேக் செய்துவந்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். இவருக்கோ சீலியாக் நோய். துளி கோதுமை உள்ளே போனாலும் குடல் ரணமாகிவிடும். பழைய வேலையில் இதைச் சொன்னதற்கு, 'பத்தியம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

அடுத்த திங்கள் உஷாராகிவிட்டார். கழிவுக் காகிதம் என்று நினைத்து, கைக்குக் கிடைத்த ஒரு தாளில் துண்டைச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பூகோளப் பாடப் புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தைக் காணவில்லை. திருத்தி முடித்த ஒரே பிரதி. அச்சகமே தேடியது. கடைசியில் வேறு வழியில்லாமல் எண்ணெய்க் கறையோடு அதை எடுத்து நீட்டினார்.

"கேக் அவ்வளவு நல்லா இருந்துதும்மா. வீட்டுல குடுக்கலாம்னு அவசரத்துல சுத்திட்டேன்."

திட்டு விழும் என்று தலை குனிந்து நின்றார். முதலாளியம்மாவுக்கோ கண் கலங்கிவிட்டது. அடுத்த திங்கள் அவருக்கென்று தனியாக ஒரு முழுக் கேக் வந்தது.

அதை வீட்டு மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். கோதுமை இல்லாதது என்று அவர் இதுவரை கடைகளில் தேடி வாங்கிய பிரெட் எல்லாம் மிதியடியை மென்ற மாதிரி இருந்தது. பிஸ்கட்டோ தொட்டாலே மாவாய் உதிர்ந்தது. இது மட்டும் எப்படி இத்தனை மணக்கிறது?

மனைவி ஒரு துண்டு எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"எப்படி இருக்கு?"

"கேக்காதீங்க. பாவமா இருக்கு."

"சும்மா சொல்லு. மெத்துனு இருக்கா? நாக்குல ஒட்டுதா?"

"கரையுதுங்க," என்றாள் அவள், குற்றவாளி மாதிரி.

அன்று இரவு அவருக்கு அந்தக் 'கரையுது' என்ற சொல்தான் சாப்பாடு.

நாலாவது திங்கள் முதலாளியம்மா தட்டோடு நேராக அவர் மேஜைக்கே வந்தார். பின்னாலேயே அச்சகம் மொத்தமும் வந்து நின்றது.

"இன்னைக்கு என் கண் முன்னாடி சாப்பிடுங்க. ரசிச்சுச் சாப்பிடுற முகத்தை நான் பாக்கணும்."

துண்டு உதடுவரை போனது. அங்கேயே நின்றது. இறக்கி வைத்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. இதுவரைக்கும் ஒரு வாய்கூட நான் சாப்பிட்டதில்ல. எல்லாம் பொய். எனக்குக் கோதுமை ஆகாது. குடல் வியாதி."

யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். முதலாளியம்மா அவரையே பார்த்தபடி பக்கத்திலிருந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

டீ கொடுக்கும் அக்காதான் வாயைத் திறந்தாள்.

"கோதுமை இந்தம்மா வீட்டு வாசப்படி ஏறியே பத்து வருசமாச்சு சார், அவங்களுக்கும் உங்க வியாதிதான், இது அரிசி மாவு கேக்கு."