டிலைட்டட் என்றால் விளக்கை அணைப்பது

எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்றால் அது நான்தான். கூரியர் ஆபீசில் பதினெட்டு வருஷமாக விலாசம் எழுதுகிறவன். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நான் சொல்வதுதான் அர்த்தம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அன்றைக்கு வந்த கடிதம் என் மனைவிக்கு. வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவள், எனக்குத் தெரியாமல் ஒரு துணி கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கட்டிங் சூப்பர்வைசர் வேலை. வரும் திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு வந்து சேர்ந்தால் 'டிலைட்டட்' ஆவோம் என்று எழுதியிருந்தார்கள். அதாவது, மிகவும் மகிழ்வார்களாம். அவர்கள் மகிழ்ந்தால் என் காபி, டிபனுக்கு யார் பொறுப்பு?

வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.

கடிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டினாள். "டிலைட்டட்னு போட்டிருக்கே, அது என்னங்க?"

இந்த மாதிரி இடத்தில் தயங்கக் கூடாது. "'டி'ன்னா எடுத்துடறது. 'லைட்'னா விளக்கு. விளக்கை அணைச்சுட்டோம், இடம் காலி இல்லைன்னு நாசூக்கா சொல்றாங்க."

சொல்லி முடித்ததும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அவள் ஊசியில் நூல் கோத்தாள். மரியாதைக்கு ஒரு பதில் போட வேண்டாமா என்றாள். அவசியமே இல்லை என்றேன். விடவில்லை.

"அவங்க நாசூக்கா சொன்னா நாமளும் அப்படித்தான் சொல்லணும். நானும் டிலைட்டட்னு ஒரே வரி எழுதிக் கொடுங்க. நானும் விளக்கை அணைச்சுட்டேன்னு தெரியட்டும்."

எடுத்த பேனாவை மூடினேன். இதைவிட நல்ல வார்த்தையெல்லாம் இருக்கிறதே என்று இழுத்தேன்.

"ஏங்க, நீங்க சொன்ன அர்த்தம் தப்பா?"

பதினெட்டு வருஷத்து ஆங்கிலத்தை ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுக்க முடியுமா? எழுதினேன். எங்கள் ஆபீஸ் வழியாகவே அனுப்பிவிடுகிறேன் என்று கையையும் நீட்டினேன். வழியில் ஒரு குப்பைத்தொட்டி உண்டு. உங்களுக்கு எதுக்குச் சிரமம், நூல்கண்டு வாங்கப் போகும்போது நானே சேர்த்துடறேன் என்று பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு, புதுப்புடவையில் கைப்பையோடு வாசலில் நின்றாள். எங்கே என்றேன்.

"வேலைக்குத்தான். அளவு கொடுக்க வந்த டீச்சர் அந்த லெட்டரை, வந்த அன்னைக்குக் காலையிலேயே படிச்சுச் சொல்லிட்டாங்க. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமேன்னுதான் பதிலை உங்ககிட்ட எழுதி வாங்கினேன். நேரமாச்சு, சமைக்கலை. ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்துடுங்க."

ஆபீசுக்கு அரை நாள் லீவு சொன்னேன். சமைத்தேன். கேரியரோடு கம்பெனி வாசலுக்குப் போய், சூப்பர்வைசரின் கணவர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். காவலாளி தலைநிமிராமல் தன் நோட்டில், வருபவர் பெயர் என்ற இடத்தில் 'சாப்பாடு' என்று எழுதி, கேரியரை மட்டும் உள்ளே அனுப்பினார்.