இரண்டு கியருக்கு நடுவே ஒரு விநாடி

அலுவலகங்களுக்கும் வயதாகும். ஆனால் அவை அதை ஒப்புக்கொள்வதில்லை, விழா எடுக்கும். வாகனத் துறைக்கு எண்பது வயது நிறைந்ததை முன்னிட்டு, அதன் முதல் தலைவர் ஏறிய பழைய காரில் இந்நாள் தலைவர் ஊர்வலமாக மேட்டின் உச்சியிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு வருவார் என்று முடிவாயிற்று. பழைய கார் வைத்திருப்பது அப்போது பெரிய நாகரிகம். இடுப்பு வலிக்குப் புது நாற்காலி வாங்கிய கனவான்கள்கூட, இடுப்பை ஒடிக்கும் பழைய காருக்காக நாயாய் அலைந்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம். அந்தக் கார் மேடு ஏறவில்லை.

மேட்டின் அடிவாரத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் துறையின் மேல் தீராத கோபம். பட்டறை உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அவர் கொடுத்த மனு பதினோரு மாதமாக எங்கேயோ கால் நீட்டிப் படுத்திருந்தது. விழா நாள் காலையோடு பழைய உரிமம் முடிகிறது. புதியது வராவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. பட்டறையின் பின்னறையில்தான் குடித்தனம் என்பதால் வீட்டுக்கும் பூட்டு.

"காரைச் சரிபண்ணுங்க. உங்க மனுவை எழுப்பிடலாம்" என்றார் தலைவர்.

மெக்கானிக் காருக்கடியில் புகுந்து, கரியும் கிரீஸுமாக வெளியே வந்தார்.

"சார், இதோட பின் சக்கர அச்சுல ரெண்டு கியர் இருக்கு. மேடு ஏற ஒண்ணு, சமதரையில பறக்க ஒண்ணு. என்ஜின் உறிஞ்சுற காத்தைக் குழாய்ல கொண்டுபோய் அதை மாத்துற ஏற்பாடு. குழாய் பூரா ஓட்டை. பறக்கிற கியர்லயே மாட்டிக்கிச்சு. காத்துச் சங்காத்தமே வேணாம். கேபிள் போட்டு, டிரைவர் பக்கத்துல ஒரு லீவர் வெச்சுட்டா முடிஞ்சுது."

முடியவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

துறையில் மெதுவேகப் பிரிவு, அதிவேகப் பிரிவு என்று இரண்டு உண்டு. இரண்டின் எழுத்தர்களும் ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தபாலில் கடிதம் அனுப்பிக்கொள்வார்கள். லீவரைப் பார்த்ததும் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

"இதை இழுத்தா வண்டி என் பிரிவை விட்டே போயிடுதே!" என்றார் மெதுவேகம்.

"கோப்பு இல்லாம நான் வண்டியை வாங்கிக்க மாட்டேன்" என்றார் அதிவேகம்.

"இத்தனை வருஷமும் மாறிக்கிட்டுத்தானே சார் இருந்துச்சு?" என்றார் மெக்கானிக்.

"அது காத்துல மாறிச்சு. யாரும் பார்க்கல. பார்க்காத மாற்றம் மாற்றமே இல்ல. இது கண்ணுக்கு முன்னால நீட்டிக்கிட்டு நிக்குதே!" என்றார் மெதுவேகம்.

தலைவர் தீர யோசித்துத் தக்க ஆணை பிறப்பித்தார். மேற்படி லீவர் இயக்கப்படும் ஒவ்வொரு தடவையும் மேற்படி வாகனத்தின் கோப்பு ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்குக் கைமாற வேண்டும். அதன்பொருட்டு எழுத்தர் இருவரும் தலைவருக்கு இரு மருங்கிலும் அமர்ந்து பயணம் செய்வர். கைமாறி முடியும்வரை லீவர் நடுவில் நிற்கும்.

"நடுவுல நிறுத்திடாதீங்க சார்!" மெக்கானிக் பதறினார். "நடுவுல எந்தப் பல்லும் எதையும் பிடிக்காது. ஒரு விநாடியில தாண்டிடணும். நின்னா வண்டி அம்போதான்."

"எங்க ஆபீஸ்ல எல்லாக் கோப்பும் நடுவுலதான் நிக்குது. என்ன ஆயிடுச்சு?" என்றார் தலைவர்.

லீவரைப் பொருத்திவிட்டு வந்தவரிடம் மனைவி கேட்டாள். "நல்லா வேலை செய்யுதாங்க?"

"லீவர் செய்யுது. அங்க வேற எதுவும் வேலை செய்யல."

விழா நாள். இசைக்குழு முழங்க, கார் சமதரையில் சீறியது. மேடு வந்தது. டிரைவர் கிளட்சை மிதித்து லீவரைப் பாதி தள்ளி, "மாத்தறேன் சார்" என்றார்.

அதிவேகம் கோப்பை நீட்டினார். மெதுவேகம் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நாலாம் பக்கத்துல சுருக்கொப்பம் காணோமே."

"இந்தா, போட்டுட்டேன்."

"பச்சை மையில போடணும்."

கார் பின்னால் உருண்டது.

"பிரேக்கைப் போடுய்யா!" என்று தலைவர் அலறினார்.

"நிக்கிறது எந்தப் பிரிவுங்க சார்?" என்று கேட்டார் டிரைவர். இருபத்தாறு வருடம் துறையில் இருந்தவர். அவசரம் என்பது மறந்தே போயிருந்தது.

இசைக்குழு சிதறியது. எக்காளம் ஊதியவர் ஊதியபடியே வேலி தாண்டினார். தலைவர் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டே பின்னோக்கிப் போனார். கார் பட்டறையின் தகரக் கதவைப் பிளந்து உள்ளே நுழைந்து, மெக்கானிக்கின் மனைவி துணி காயப்போட்டிருந்த கொடியை அறுத்துக்கொண்டு நின்றது.

ஒருவருக்கும் கீறல் இல்லை. விசாரணை அங்கேயே நடந்தது.

"மோதுறப்ப வண்டி என்கிட்ட இல்ல."

"என்கிட்டயும் வந்து சேரல."

"அப்படின்னா மோதலே நடக்கல" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார், தலையில் கிடந்த ஈரப் பாவாடையை எடுத்தபடி.

"அப்ப என் கதவு சார்?"

"எந்தப் பிரிவுலயும் இல்லாததை யாராலும் ஒண்ணும் கேட்க முடியாதுய்யா."

மெக்கானிக்கின் மூளையில் ஏதோ ஒரு பல் பிடித்தது.

"சார், என் பழைய உரிமம் காலையில முடிஞ்சுது. புதுசு வரல. இப்ப நான் எந்தப் பிரிவு?"

எழுத்தர்கள் ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "எதுலயும் இல்ல."

"அப்ப என் பட்டறையை யார் பூட்டுவாங்க?"

தலைவர் தாடையைச் சொறிந்தார். "சட்டப்படி... யாராலும் முடியாதுதான்."

செய்தி தெருவெல்லாம் பரவியது. பழைய கார் மோகம் போன இடம் தெரியவில்லை. நடுவில் இருப்பதே புது நாகரிகம். ரொட்டிக்கடைக்காரர் தன் உரிமத்தை அடுப்பில் போட்டார். பல் மருத்துவர் 'எப்பிரிவிலும் இல்லாதவர்' என்று பெயருக்குப் பின்னால் பட்டம் போலப் போட்டுக்கொண்டார். மெக்கானிக் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எல்லோரும் அவருக்கு வணக்கம் வைத்தார்கள்.

மூன்றாம் வாரம் குழாயில் தண்ணீர் நின்றது. எந்தப் பிரிவிலும் இல்லாத தெருவுக்கு எந்தப் பிரிவு தண்ணீர் விடும்? குப்பை வண்டி தெருமுனைவரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. தபால்காரர், 'இப்படி ஒரு தெரு இல்லை' என்று எழுதிக் கடிதங்களைத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே மேட்டின் உச்சியிலிருந்து அடிவாரம்வரை வரிசை. ஏதாவது ஒரு பிரிவில், ஏதாவது ஒரு மூலையில், தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் வேண்டும் மனுக்கள். முதல் ஆள் மெக்கானிக். பின்னால் மூன்று நகல்களோடு அவர் மனைவி.

ரொட்டிக்கடைக்காரர் பக்கவாட்டில் நைஸாக நுழைந்தார். "அண்ணே, ஒரு நிமிஷ வேலைதான். கொஞ்சம் முன்னால விட்டுடுங்களேன்."

மெக்கானிக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நாளைக்கு வாங்க" என்றார்.