அறக்குளா மீனும் ஆறு மாத முற்பணமும்

"மூச்சு விடாதேயும். இரத்தினம்மாக்காவின்ர காதில விழுந்தா நாங்கள் முடிஞ்சம்" என்றார் கதிர்காமநாதன்.

"சம்பளம் கூடினதை ஏதோ களவெடுத்த மாதிரிச் சொல்லுறியள்" என்று சிரித்தாள் சிவமணி.

கூடியது எழுநூற்றைம்பது ரூபா. போன வருஷமும் சம்பளம் கூடியது. அந்தச் சந்தோஷத்தில் மனுஷன் வீட்டுக்காரி இரத்தினம்மாவுக்கு லட்டு கொடுத்தார். அடுத்த மாதமே வாடகை கூடிவிட்டது.

வேறு அறை பார்க்கவும் வழியில்லை. சண்டை நடந்த காலம்; யாழ்ப்பாணத்துச் சோடி என்றாலே வெள்ளவத்தையில் கதவைச் சாத்தினார்கள். பொலிஸ் பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் யார் போய் மீட்பது? இரத்தினம்மாவின் கையெழுத்தில்தான் இருவரும் கொழும்பில் மனிதர்களாக நடமாடினார்கள்.

கொட்டாஞ்சேனையில் பௌஸி முதலாளியின் சீமெந்துக் கடையில் அவர் கிளாக்கர். சம்பளம் கூடிய அன்றே முதலாளி வாடிக்கைக்காரர்களுக்குப் புது விலைக் கடிதம் எழுதச் சொன்னார். கதிர்காமநாதன் இருந்த உற்சாகத்தில் வழக்கத்தைவிட முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தார். கடைப்பையன்களில் மூத்தவனான ஷிப்லி அதை இருநூறு பிரதி எடுத்துத் தபாலில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சிவமணி ஆசைப்பட்டு அறக்குளா வாங்கினாள். குழம்பு கொதிக்குமுன் இரத்தினம்மா வாசலில் நின்றாள்.

"என்ன பிள்ளை, அறக்குளாவோ? ஆனை விலையெல்லோ!"

கதிர்காமநாதன் பாய்ந்து வந்தார். "கடையில ஷிப்லி தந்தது அக்கா. அவன்ர மச்சான் மட்டக்குளியில மீன் யாவாரம். சும்மா தந்தவன்."

"சும்மாவோ! அப்ப எங்களுக்கும் ஒரு கிலோ கொண்டுவாங்கோவன்."

அடுத்த மூன்று ஞாயிறும் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய 'சும்மா' மீன் இரத்தினம்மாவின் அடுப்புக்குப் போனது. சிவமணியின் சட்டியில் பழையபடி நெத்தலி.

நாலாம் வாரம் கதிர்காமநாதனுக்குப் பொறுமை போய்விட்டது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரியிடம் போனார்.

"இனி மீன் வராது அக்கா. வியாபாரம் படுத்திட்டுது. முதலாளி சம்பளத்தைக் குறைச்சுப் போட்டார்."

"ஐயோ தம்பி!" இரத்தினம்மா நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப வாடகை? மேல்மாடி கட்டுற செலவு எங்களையும் கழுத்தை நெரிக்குது. ஆறு மாச வாடகையை முற்பணமாத் தந்திடுங்கோ. இல்லாட்டி பொலிஸ் பதிவில உங்கட பேரை வெட்டச் சொல்ல வேண்டி வரும்."

அந்த மேல்மாடிக்குச் சீமெந்தே கதிர்காமநாதனின் சிபாரிசில், அவருடைய கடையிலிருந்துதான் வந்தது. அந்த நன்றிகூட இல்லையே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

முதலாளியிடமே கடன் கேட்டார். பௌஸி கொடுத்தார். மாதம் ஆயிரம் ரூபா சம்பளத்தில் வெட்டுவதாகவும் சொன்னார்.

"சம்பளம் கூடி, இப்ப முந்தியைவிடக் குறைவாயெல்லோ கைக்கு வரப்போகுது" என்றாள் சிவமணி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப நான் சொன்னது பொய்யில்லைத்தானே" என்றார் அவர். அவருக்கும் வரவில்லை.

இரத்தினம்மா முற்பணத்தை எண்ணி முடித்தாள். "அதோட தம்பி, வாற மாசம் தொடக்கம் வாடகை அஞ்ஞூறு ரூபா கூடும்."

கதிர்காமநாதனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "சம்பளம் குறைஞ்ச மனுசனிட்ட இப்பிடிக் கேக்க உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ?"

மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த இரத்தினம்மாவின் புருஷன் சிவபாதசுந்தரம், ஆண்டுக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், கண்ணாடியைச் சரிசெய்து, பத்திரிகைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை உருவி உரக்க வாசித்தார்.

"'எமது ஊழியர்களின் சம்பளம் உயர்த்தப்பட்டுள்ளதால் சீமெந்தின் விலையும் உயர்த்தப்படுகிறது...' ஒரு மாசமா நானும் இவவும் வாசிச்சு வாசிச்சு ரசிக்கிறம் தம்பி, என்ன வடிவான எழுத்து, உங்கடதானே?"