கரியை ருசி பார்த்த டீமேக்கர்

கரியைக் கடித்துப் பார்த்துத் தரம் சொல்லத் தெரிந்தவர் நீலகிரியில் ஒருவர்தான் இருந்தார். இன்னொருவர் இருந்திருந்தால் மலை தாங்கியிருக்காது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் டீமேக்கர். இலை எப்போது வாடியது, எப்போது பதமாக நொதித்தது, எப்போது அடுப்பைவிட்டு இறக்கலாம் என்று ஃபேக்டரியில் மூக்காலேயே தீர்ப்பு சொல்கிற வேலை. தேயிலை விலை சரிந்த வருஷங்களில் ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டார்கள். மூக்குக்குப் போட மறந்துவிட்டார்கள்.

அப்போது நான் குன்னூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. வீட்டுக்குக் கீழே சரிவில் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் தேயிலை. இலையை விற்றால் பறித்த கூலிக்குக்கூடக் காணாது. பயம் வந்தால் சிலருக்கு நாக்கு வறளும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு ஜோசியம் வரும். "சரசு, பொங்கலுக்குள்ள நாம தெருவுக்கு வந்துருவோம்" என்பேன். "வர்றப்ப அப்படியே ரேஷன் வாங்கிட்டு வந்துருங்க" என்பாள் என் மனைவி.

இந்த நிலையில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் தோட்டத்தை விலைக்குக் கேட்டார். செடியைப் பிடுங்கிவிட்டுக் காட்டேஜ் கட்டுவாராம். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் மனசுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, மேல்வீட்டு டீமேக்கர் வாசலில் நின்றார்.

"ஏனுங்க தம்பி, தோட்டத்த விக்கறீங்களாமா?"

"ஆமாங்க."

"வித்துக்குங்க. அதுக்கு முன்ன செடிய கவாத்து வெட்டி, குச்சிய எனக்குக் குடுத்துருங்க."

"அடுப்புக்குங்களா?"

"அடுப்புல வெச்சா புகையாப் போயிரும். நம்மூருக்கு மேல மேகம் பத்தலைங்களா? கரியாக்கி மண்ணுக்குள்ள போட்டா, அது பாட்டுக்கு நூறு எரநூறு வருசம் உக்காந்திருக்கும். மண்ணும் பொதபொதன்னு ஆகும்."

ரேடியோவில் கேட்டாராம். பாதி நிகழ்ச்சியில் கரண்ட் போய்விட்டது. மீதிப் பாதியைத் தேயிலையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அதாவது, கரிக்கும் வாட்டல், உலர்த்தல், உருட்டல், சலித்தல் எல்லாம் உண்டு. "வரிசை மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன" என்று ஒப்புக்கொண்டார். எப்படியும் பிடுங்கப் போகிற செடிதானே என்று கவாத்து வெட்டிக் கொடுத்தேன். குச்சியை வெயிலில் வாட்டினார். புனல் மாதிரி ஒரு குழி வெட்டி, அதில் தீ மூட்டி, மேலே மேலே குச்சியை அடுக்கினார். நானும் சரசுவும் தண்ணீர்க் குடத்தோடு நிற்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு மோப்பம் பிடிப்பார். "இருங்க... இருங்க... இப்ப ஊத்துங்க." கொஞ்சம் தாமதித்தால் கரி சாம்பலாகிவிடும். அவருக்குச் சாம்பல் என்றால் தீய்ந்த தேயிலை. கண்ணில் நீர் வந்துவிடும். எங்களுக்கும் வரும், புகையில்.

ஆறிய பிறகு ஒரு துண்டை எடுத்துக் கடிப்பார். நாக்கில் உருட்டுவார். ஸ்ர்ரென்று காற்றை உறிஞ்சுவார். பக்கவாட்டில் துப்புவார். "மரக்கட்ட வாசம் அடிக்குது. வேகல." தேறிய கரியை உருளைக் கல்லால் நொறுக்கி, ஃபேக்டரிச் சல்லடையில் சலித்து, டீத்தூள் மாதிரியே டஸ்ட், சூப்பர் டஸ்ட் என்று தரம் பிரித்து வைத்தார். ஏலத்துக்கு அனுப்பாததுதான் பாக்கி.

முதல் சரக்கு சரசுவின் பீன்ஸ் பாத்திக்குப் போனது. சில நாளில் செடியெல்லாம் மஞ்சள்.

"உங்க கூட்டாளி என்ர பீன்ஸுக்கு மஞ்சக்காமாலை வர வெச்சுட்டாருங்க."

டீமேக்கர் ஒரு பீன்ஸ் இலையைக் கிள்ளி மென்றார். "நொதிக்கலைங்க. நொதிக்காம டீ வருமா?" என்றவர், அடுத்த கரியைச் சாணிக் கரைசலில் ஊறப்போட்டு, ஈரச் சாக்கால் மூடி, தினமும் முகர்ந்து பார்த்தார். புதுக் கரி கொலைப்பசியோடு இருக்கும், மண்ணிலுள்ள சத்தைச் செடிக்கு முன்னால் தானே தின்றுவிடும், அதனால் வயிற்றை நிரப்பித்தான் வயலுக்கு அனுப்ப வேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்கள் பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். அவர் போன பாதை தப்பு; போய்ச் சேர்ந்த ஊர் சரி.

கோயமுத்தூர்க்காரர் தோட்டத்தைப் பார்க்க வருகிற நாள் வந்தது. "இன்னிக்கு ஒரு நாள் ஊட்டுக்குள்ளயே இருங்க" என்று டீமேக்கரைக் கெஞ்சியிருந்தேன். முழங்கை வரை கறுப்பாக வந்து நின்றார். கையில் தட்டு. தட்டில் வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தரக் கரி.

"ருசி பாருங்க."

வந்தவர் மரியாதைப்பட்ட குடும்பம். பெரியவர் கோப்பையில் வைத்து நீட்டியதை மறுத்துப் பழக்கமில்லை. ஒரு துண்டை வாயில் போட்டார்.

"நல்லாருக்குங்க."

"எதுங்க நல்லாருக்கு? எல்லாத்தையும் பார்த்துட்டுச் சொல்லுங்க."

எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், கறுத்த பல்லோடு ரகசியமாகக் கேட்டார்: "பெரியவரு தோட்டத்தோட சேர்த்திங்களா?"

'இல்லைங்க, பக்கத்து ஊடு' என்றால் வியாபாரம் படிந்துவிடும். வாயைத் திறந்தேன். அதற்குள் டீமேக்கர் மண்டியிட்டு, கவாத்து வெட்டிய ஒரு செடியின் தூரில் ஊறிய கரியை வைத்து, உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"புடுங்கப் போற செடிக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று அவரைக் கேட்டேன்.

நிமிரவில்லை. "செடியத்தான தம்பி புடுங்குவாங்க. மண்ணு இங்கதான இருக்கப் போகுது."

நான் கோயமுத்தூர்க்காரர் பக்கம் திரும்பி, "ஆமாங்க, சேர்த்துத்தான்" என்றேன்.

ஜீப் போய்விட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசிக்கிறார் போல. நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். சரசு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"தெரியலையே சரசு. பொங்கலுக்குள்ள நாம தெருவுக்கு..."

"செரி செரி. அந்த ஊறப்போட்ட கரியில கொஞ்சம் என்ர பாத்திக்கும் போடச் சொல்லுங்க."

கரி போட்டதும் இலை விலை ஏறியது என்று எழுத ஆசைதான். ஏறவில்லை. கவாத்து வெட்டிய செடியில் பல மாதம் இலையே இல்லாததால், எல்லாரும் நஷ்டத்துக்கு விற்றபோது எனக்கு விற்க எதுவுமில்லை. என் வாழ்க்கையின் ஒரே வியாபார சாமர்த்தியம் அது. அடுத்த கோடையில் அக்கம்பக்கத்துக் கொழுந்து தலை தொங்கியபோது எங்கள் சரிவில் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது. கரியாலா, பனியாலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தோட்டம் நின்றது. நான் விற்கவில்லை.

டீமேக்கரை மகள் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவது மாடி. கீழே சிமெண்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். என் உடம்பையோ, சரசுவையோ, பிள்ளைகளையோ விசாரிக்கிறதில்லை.

"தோட்டம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

அதற்கு மேல், மோப்பம் பிடிக்கிற மாதிரி, மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அவராக வைக்கிற வரைக்கும் நான் வைப்பதில்லை.